மழைக்கு ஒதுங்கச் சொன்ன கை: வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் ஹெமிங்வேயின் 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' நாவலைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். 1929-இல் வெளிவந்த புத்தகம். முதல் உலகப் போரில் இத்தாலியப் படையின் ஆம்புலன்ஸ் பிரிவில் லெஃப்டினென்டாக இருக்கும் ஃபிரெடரிக் ஹென்றி என்ற அமெரிக்க இளைஞன். காதரின் பார்க்லி என்ற ஆங்கிலேய நர்ஸ். காயம்பட்டு மிலான் ஆஸ்பத்திரிக்கு வருகிறான். அங்கே காதல் முற்றுகிறது. கால் தேறியதும் போர்முனைக்குத் திரும்புகிறான். படை பின்வாங்கும்போது தப்பி ஓடிவந்து அவளைச் சேர்கிறான். இருவரும் சுவிட்சர்லாந்துக்குப் போகிறார்கள். அங்கே பிரசவத்தில் அவள் இறந்துபோகிறாள்.

இதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் நினைக்கவில்லை. அரசு ஆஸ்பத்திரிகளில் 33 ஆண்டுகள் நர்ஸாக இருந்தவள் நான். அதில் 19 ஆண்டுகள் பிரசவ வார்டு. அந்தக் கண்ணோடுதான் இந்தக் கதையைப் படிக்கிறேன், பதிலும் சொல்கிறேன்.

கே: காதரினை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. உனக்குப் பிடித்ததுதான் எனக்கும் பிடிக்கும் என்று எப்போதும் தலையாட்டுகிறாள். ஓர் ஆண் செய்து வைத்த பொம்மை இல்லையா அவள்? (கல்லூரி மாணவி, சிவகாசி)

ப: உன் வயதில் எனக்கும் இதே எரிச்சல் வந்தது, அம்மா. நர்சிங் படித்தபோது ஹாஸ்டலில் கைமாறிக் கைமாறி வந்த பிரதி அது, அட்டைகூடக் கிடையாது. பாதியிலேயே மூடி வைத்துவிட்டேன். வேலைக்குச் சேர்ந்து ஆறேழு வருஷம் கழித்து மறுபடி எடுத்தபோதுதான், முதல் தடவை ஒரு பிரம்பைக் கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறேன் என்று தெரிந்தது.

ஹென்றி முதன்முதலில் பார்க்கும்போது அவள் கையில் தோல் சுற்றிய மெல்லிய பிரம்பு ஒன்று இருக்கிறது. குழந்தைகள் குதிரை விளையாட்டுக்கு வைத்திருக்கும் சாட்டை மாதிரி. போன வருஷம் செத்துப்போன ஒருவனுடையது என்கிறாள். சின்ன வயதிலிருந்து சேர்ந்து வளர்ந்தவர்கள். எட்டு வருஷம் நிச்சயமாகிக் காத்திருந்தவர்கள். பிரான்சில் நடந்த ஸோம் சண்டையில் அவன் போய்விட்டான். அவனுடைய சாமான்களோடு வந்த பிரம்பை அவன் அம்மா இவளுக்கு அனுப்பி வைத்திருக்கிறார். அவன் பட்டாளத்தில் சேர்ந்தபோதுதான் இவளும் நர்ஸ் வேலைக்கு வந்தாள். என்றாவது ஒருநாள் வாள்வெட்டுக் காயத்தோடு, தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு, தான் இருக்கும் ஆஸ்பத்திரிக்கே அவன் வந்து சேருவான் என்று ஒரு நினைப்பு. வாள்வெட்டெல்லாம் இல்லை, துண்டு துண்டாகச் சிதறிவிட்டான் என்று ஹென்றியிடம் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறாள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு அதற்கப்புறம் வரும் சந்திப்பைப் படித்துப் பார். 'ராத்திரியில் காதரினிடம் திரும்பி வந்துவிட்டேன்' என்று ஹென்றியைச் சொல்ல வைக்கிறாள். அவனும் சொல்கிறான், பொய்யாகத்தான். வாய் அவனுடையது, அவள் காதில் விழுந்தது செத்துப்போனவன் குரல். கொஞ்ச நேரத்தில் அவளே தெளிந்து, நாம் ஆடுகிற ஆட்டம் மோசமானது, என்னைக் காதலிப்பதாக நீ நடிக்க வேண்டாம் என்கிறாள். அந்த இடத்தில் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. முதலாமவனைக் கல்யாணத்துக்குக் காக்க வைத்துவிட்டோமே, கேட்டதையெல்லாம் கொடுத்திருக்கலாமே என்ற வருத்தம் அவளை அரித்துக்கொண்டிருக்கிறது. இரண்டாமவனிடம் எதையும் மிச்சம் வைப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். நீ தலையாட்டல் என்று சொல்வதை நான் அப்படித்தான் படிக்கிறேன்.

இன்னொன்று. மிலானில் ஹென்றியோடு இருப்பதற்காகவே நைட் டூட்டியை விடாமல் பார்க்கிறாள். தோழி ஃபெர்குசன்தான் அவனிடம் போய், அவள் ரொம்பக் களைத்துவிட்டாள், கொஞ்ச நாள் நைட் வேண்டாம் என்று நீயாவது சொல் என்கிறாள். சேர்ந்தாற்போல் பத்து நாள் நைட் பார்த்தவர்களுக்கு இது புரியும். விடியற்காலை நாலு மணிக்கு டெம்பரேச்சர் சார்ட்டின் கோடுகள் நெளிய ஆரம்பிக்கும். கால் வீங்கிச் செருப்பு வார் பதிந்திருக்கும். அந்த உடம்போடு அவனைத் தேடி வருகிறவளைப் பொம்மை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கே: போர்முனைக்கு வழியனுப்பும் இடத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட இல்லையே. அவ்வளவு காதலித்தவர்கள் இப்படியா பிரிவார்கள்? (வாசகி, கோவில்பட்டி)

ப: இப்படித்தான் பிரிவார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த அத்தியாயத்தை இன்னொரு முறை மெதுவாகப் படித்துப் பாருங்கள். நள்ளிரவு ரயில். அவளுக்கு அப்போது மாசம் மூன்று தாண்டிவிட்டது. மிலான் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு ஹோட்டல் அறையில் கடைசிச் சில மணி நேரம் இருந்துவிட்டுக் குதிரை வண்டியில் வருகிறார்கள். நல்ல மழை. நிலைய வாசலில் அவன் இறங்கிக்கொள்கிறான். அவள் அதே வண்டியில் ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டும். உன்னையும் வயிற்றுப் பிள்ளையையும் பார்த்துக்கொள் என்கிறான். வண்டி நகர்கிறது. அவள் எட்டிப் பார்த்து எதையோ சுட்டிக் காட்டுகிறாள். அவன் திரும்பிப் பார்த்தால் அங்கே இரண்டு போலீஸ்காரர்களையும் ஒரு வளைவு வாசலையும் தவிர வேறொன்றுமில்லை. அப்புறம்தான் உறைக்கிறது: மழையில் நிற்காதே, உள்ளே போ என்று காட்டியிருக்கிறாள்.

குண்டு மழைக்குள் போகிறவனை இந்த மழைக்கு ஒதுங்கச் சொல்கிறாள். அவளால் காப்பாற்ற முடிந்தது அவ்வளவுதான். கண்ணீர் எதற்கு?

1999-இல் கார்கில் சண்டை நடந்துகொண்டிருந்த ஜூன் மாதம் எங்கள் வார்டுக்கு ஒரு பெண் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். வீட்டுக்காரர் பட்டாளத்தில். தலையணைக்கடியில் அவர் போட்ட இன்லண்ட் கடிதம் ஒன்று இருந்தது. அனுப்புநர் முகவரியில் பட்டாள நம்பர், யூனிட், அப்புறம் '56 ஏ.பி.ஓ.' என்ற பட்டாளத் தபால் நிலைய எண், அவ்வளவுதான். எந்த மலை, எந்த ஊர் என்று அதில் இருக்காது. வலி எடுக்கும்போதெல்லாம் அவள் என்னிடம் கேட்டது, "சிஸ்டர், அங்கே இப்ப குளிருமா?" என்பதுதான். உயிரோடு இருப்பாரா என்று ஒருதரம்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்?

நாவலிலும் அப்படி அஞ்சலட்டை வருகிறது. போர்முனையிலிருந்து ஹென்றி தன் வீட்டுக்கு, அச்சடித்த பட்டாள அட்டையில் 'நலமாக இருக்கிறேன்' என்பதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லா வரிகளையும் அடித்து அனுப்புகிறான்.

கே: நாவல் முழுக்க மழை பெய்துகொண்டே இருப்பதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா? (தமிழாசிரியர், கும்பகோணம்)

ப: உண்டு ஐயா. நீங்கள் தமிழாசிரியர் என்பதால் நம் வழியிலேயே சொல்கிறேன். முல்லைத் திணையில் மழை என்றால் பாசறைக்குப் போனவன் திரும்பும் காலம். குறுந்தொகையில் ஒரு தோழி, கொன்றை பூத்துவிட்டதே, அவர் வரவில்லையே என்று கலங்கும் தலைவியைத் தேற்றுகிறாள்: இது கார்காலமே இல்லை, காலமல்லாத காலத்தில் பெய்த வம்ப மாரி, கொன்றைதான் ஏமாந்துவிட்டது என்று. மழை வந்தும் அவன் வரவில்லை என்பதைவிட, வந்தது மழையே இல்லை என்று சொல்லிவிடலாம். அவ்வளவு உறுதி, மழைக்கும் மீட்சிக்கும் நடுவே.

இங்கே அது தலைகீழ். முதல் அத்தியாயத்தின் கடைசியிலேயே குளிர்காலத்து மழையோடு காலரா வருகிறது. படையில் ஏழாயிரம் பேர்தான் அதில் செத்தார்கள் என்று எழுதுகிறார். அந்த 'தான்' என்னைத் தூங்கவிடாத சொல். நடுவில் ஓர் இரவு காதரின் மழைக்குப் பயப்படுகிறாள். ஏன் என்று ஹென்றி விடாமல் கேட்க, சிலசமயம் மழையில் நானே செத்துக் கிடப்பது தெரிகிறது என்கிறாள். கடைசி வரியில் ஹென்றி மழையில்தான் ஹோட்டலுக்கு நடந்து போகிறான்.

அதே முதல் அத்தியாயத்தில் இன்னொன்று இருக்கிறது. மழையில் நடந்து போகும் சிப்பாய்கள், மழை அங்கிக்கு அடியில் இடுப்பில் கட்டிய தோட்டாப் பெட்டிகளால், ஆறு மாதக் கர்ப்பிணிகளைப் போலத் தெரிகிறார்கள். முதல் வாசிப்பில் அது வெறும் உவமை. கடைசி அத்தியாயத்தை முடித்துவிட்டுத் திரும்பப் போய்ப் படித்தால் நெஞ்சு அடைக்கும்.

கே: தலைப்புக்கு என்ன பொருள்? (வாசகர், தருமபுரி)

ப: ஆங்கிலத்தில் 'ஆர்ம்ஸ்' என்றால் ஆயுதமும்தான், கைகளும்தான். ஆயுதத்துக்கும் விடை, அணைத்த கைகளுக்கும் விடை. 16-ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் பீல் என்ற ஆங்கிலக் கவிஞர் எழுதிய ஒரு கவிதையின் தலைப்பு அது. தமிழில் 'படை' என்ற சொல் ஆயுதத்தையும் சேனையையும் குறிக்கும். கையை எப்படிச் சேர்ப்பது என்றுதான் எனக்கு வழி தெரியவில்லை.

கே: நான் பட்டாளத்தில் 22 வருஷம் இருந்தவன். படையை விட்டு ஓடியவனைக் கதாநாயகன் என்று கொண்டாடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. (ஓய்வுபெற்ற ஹவில்தார், வேலூர் மாவட்டம்)

ப: உங்கள் கோபம் நியாயமானது ஐயா. நீங்கள் எழுதாத ஒன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். அது ஹென்றிக்கு இன்னும் பாதகமானது. பின்வாங்கும்போது அவனுடைய ஆம்புலன்ஸ் வண்டிகளில் ஒன்று சேற்றில் புதைகிறது. சக்கரத்துக்கு அடியில் போடச் செடி வெட்டச் சொன்னால், கூட வந்த இரண்டு சார்ஜென்ட்கள் கேட்காமல் நடையைக் கட்டுகிறார்கள். ஹென்றி சுடுகிறான். ஒருவன் விழுகிறான், டிரைவர்களில் ஒருவன் போய் அவனை முடித்துவிட்டு வருகிறான். கட்டளையை மீறி ஓடியதற்காக ஒருவனைச் சுட்டவன், ஓரிரு நாளில் தானே ஓடுகிறான். ஹெமிங்வே இதை மறைக்கவில்லை. நியாயப்படுத்தவும் இல்லை.

ஆனால் எந்த இடத்திலிருந்து ஓடுகிறான் என்பதையும் பாருங்கள். 1917 அக்டோபர் 24 அன்று கபோரெட்டோ என்ற இடத்தில் ஆஸ்திரிய, ஜெர்மன் படைகள் இத்தாலிய அணியை உடைத்தன. அந்த ஊர் இன்று ஸ்லோவேனியாவில் கோபாரிட் என்ற பெயரில் இருக்கிறது. அதற்கு முன் இரண்டு வருஷத்துக்கு மேல் அதே இசோன்சோ ஆற்றங்கரையில் 11 சண்டைகள் நடந்திருந்தன. பன்னிரண்டாவதில் எல்லாம் சரிந்தது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலிய வீரர்கள் கைதானார்கள். தலைமைத் தளபதி கடோர்னா தோல்விக்குச் சிப்பாய்களின் கோழைத்தனத்தைக் காரணம் காட்டினார். அவருடைய பதவியும் போயிற்று. அந்தப் போரில் ராணுவ நீதிமன்றத் தீர்ப்பால் இத்தாலி சுட்டுக் கொன்ற சொந்தப் படையினர் மட்டும் 700-க்கும் மேல்.

நாவலில் டாலியாமென்டோ ஆற்றுப் பாலத்தின் முனையில் ராணுவப் போலீஸ் டார்ச் விளக்கு அடித்து, தன் படையைப் பிரிந்து வரும் அதிகாரிகளைத் தனியே இழுக்கிறது. நரைத்த தலையோடு ஒரு லெஃப்டினென்ட் கர்னலை இரண்டு கேள்வி கேட்டுவிட்டுச் சுடுகிறார்கள். அடுத்தடுத்து ஆட்கள். ஹென்றியின் முறை வருவதற்குள் அவன் ஆற்றில் குதித்துவிடுகிறான். அவனுடைய கோபமும் கடமையும் அந்தத் தண்ணீரோடு போய்விட்டன என்று சொல்கிறான். உங்கள் 22 வருஷத்தில் உங்களுக்குக் கட்டளை கொடுத்தவர்கள் இப்படி நடந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்கிற உரிமை எனக்கில்லை. நீங்களே எழுதினால் அடுத்த இதழில் இந்த இடத்தை உங்களுக்குத் தருகிறேன்.

கே: இது ஹெமிங்வேயின் சொந்தக் கதையா? (வாசகர், ஈரோடு)

ப: பாதி. அவரும் செஞ்சிலுவைச் சங்க ஆம்புலன்ஸ் பிரிவில் இத்தாலிக்குப் போனவர். 1918 ஜூலை 8 அன்று பியாவே ஆற்றங்கரையில் ஃபொஸால்டா என்ற ஊருக்குப் பக்கத்தில் குண்டுச் சில்லுகள் காலில் பாய்ந்தன. அப்போது 19 வயதுகூட நிறையவில்லை. மிலான் ஆஸ்பத்திரியில் ஆக்னஸ் வான் குரோவ்ஸ்கி என்ற அமெரிக்க நர்ஸ் பார்த்துக்கொண்டார். அவரைவிட ஏழு வயது மூத்தவர். கல்யாணம் செய்துகொள்வோம் என்ற நம்பிக்கையோடு ஹெமிங்வே ஊருக்குத் திரும்பினார். 1919 மார்ச்சில் ஆக்னஸிடமிருந்து கடிதம் வந்தது: வேறொருவரை மணக்கப்போகிறேன் என்று.

கபோரெட்டோவை அவர் பார்க்கவே இல்லை. அது நடந்தபோது அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டியில் பத்திரிகை நிருபர் வேலையில் இருந்தார். படித்தும் கேட்டும் வரைபடம் பார்த்தும் எழுதியது அந்தச் சேறும் பாலமும். கடைசி அத்தியாயத்துக்கு மட்டும் வேறொரு மூலம் இருக்கிறது. 1928 ஜூனில், நாவலை எழுதிக்கொண்டிருந்தபோது, அவருடைய இரண்டாவது மனைவி பாலினுக்கு நீண்ட வலிக்குப் பிறகு சிசேரியன் செய்தார்கள். தாயும் பிழைத்தார், மகனும் பிழைத்தான்.

கே: காதரினைக் காப்பாற்றியிருக்க முடியாதா? இந்தக் காலமாக இருந்தால்? (வாசகி, தூத்துக்குடி)

ப: இந்தக் கேள்விக்காகவே நான் இந்த நாவலைப் பற்றி எழுதினேன் போன மாதம். எத்தனை முறை படித்தாலும் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து அந்த ஆஸ்பத்திரி அறைக்குள் போய் நிற்க வேண்டும் போல எனக்குக் கை பரபரக்கும்.

அவளுக்கு இடுப்பெலும்பு குறுகல் என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். அதற்கு அவர் சொன்ன வழி, பீர் குடித்தால் குழந்தை சின்னதாக இருக்கும் என்பது! விடியுமுன் வலி எடுக்கிறது. பகல் முழுக்க வலி. மயக்க வாயு முகமூடியை அவள் முகத்தில் பிடிக்கும் வேலையை ஹென்றியிடம் விட்டுவிட்டு டாக்டர் சாப்பிடப் போகிறார். எண்பலகையைத் திருப்பித் திருப்பி வாயுவின் அளவைக் கூட்டுகிறான் அவன். வாயு இனி வேலை செய்யவில்லை என்று அவள் அழுகிறாள். பொழுது இறங்கிய பிறகுதான் ஆயுதம் (ஃபோர்செப்ஸ்) போட்டுக் குழந்தையை எடுக்கலாமா, சிசேரியனா என்ற பேச்சே வருகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று ஹென்றி கேட்க, என் மனைவியாக இருந்தால் சிசேரியன்தான் செய்வேன் என்கிறார் டாக்டர். எடுத்த குழந்தை ஐந்து கிலோ இருக்கும் என்கிறாள் நர்ஸ். கழுத்தில் கொடி சுற்றி இறந்திருந்தது.

ஐந்து கிலோ என்று படித்ததும் பிரசவ வார்டில் இருந்தவர்களுக்கு வயிறு கலங்கும். அவ்வளவு பெரிய குழந்தையைச் சுமந்து விரிந்த கர்ப்பப்பை, அவ்வளவு நேரம் வலித்துச் சோர்ந்த கர்ப்பப்பை, குழந்தை வெளியே வந்த பிறகு சுருங்காது. சுருங்கினால்தான் நஞ்சுக்கொடி பிரிந்த இடத்து ரத்தக்குழாய்கள் இறுகும். சுருங்காவிட்டால் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. வயிற்றில் கை வைத்தால் தெரியும்: நன்றாகச் சுருங்கியது தேங்காய் போலக் கட்டியாக இருக்கும், சுருங்காதது பிசைந்த மாவு போல அமுங்கும். காதரினுக்கு ரத்தப்போக்கு ஒன்றன்பின் ஒன்றாக வந்தது என்று ஹெமிங்வே எழுதுகிறார். அதற்கு மேல் விவரம் கொடுக்கவில்லை. எனக்குத் தேவையும் இல்லை.

இன்றைக்கென்றால் ஸ்கேனிலேயே எடை தெரிந்திருக்கும். இவ்வளவு நேரம் விட்டிருக்க மாட்டோம். குழந்தை வந்ததும் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் மருந்தைப் போட்டிருப்போம். கர்ப்பப்பையைப் பிடித்துத் தேய்த்திருப்போம். ரத்தம் ஏற்றியிருப்போம். ரத்த வகைகள் 1901-இலேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டன. 1917-இல் பிரான்ஸ் போர்முனையில் ரத்தத்தைச் சேமித்து வைத்துச் சிப்பாய்களுக்கு ஏற்றவும் செய்தார்கள். பிரசவ அறைக்கு அது வந்துசேரத்தான் நாளாயிற்று. ஆக்ஸிடோசினைச் செயற்கையாகத் தயாரித்தது 1953-இல். ஆமாம், இன்றாக இருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பாள். 'பெரும்பாலும்' என்றுதான் சொல்ல முடியும். உலகம் முழுக்கத் தாய்மார் சாவுக்கு இன்றும் முன்னணிக் காரணம் இந்த ரத்தப்போக்குதான்.

முடிவை மாற்றியிருக்கலாமே என்று நாலைந்து பேர் எழுதியிருக்கிறீர்கள். கடைசிப் பக்கத்தை 39 முறை திருத்தி எழுதியதாக ஹெமிங்வே ஒரு பேட்டியில் சொன்னார். 2012-இல் வந்த பதிப்பில் அவர் எழுதிப் பார்த்த 47 முடிவுகளை அச்சிட்டிருக்கிறார்கள். ஒன்றில் குழந்தை பிழைக்கிறது. நர்ஸ்களை வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, அது ஒரு சிலைக்கு விடை சொல்வது போலிருந்தது என்று அவன் வெளியே வருகிறானே, அதுதான் சரி. உடம்பு குளிர்ந்த பிறகு உள்ளே விடச் சொல்லி எத்தனையோ கணவன்மார் என் கையைப் பிடித்திருக்கிறார்கள். உள்ளே போனவர்கள் எல்லோரும் சீக்கிரமே வெளியே வந்துவிட்டார்கள்.

கே: சினிமாவாக வந்திருக்கிறதா? (வாசகர், மதுரை)

ப: 1932-இல் கேரி கூப்பர், ஹெலன் ஹேய்ஸ் நடித்து ஒன்று. 1957-இல் ராக் ஹட்சன், ஜெனிஃபர் ஜோன்ஸ் நடித்து இன்னொன்று. பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை முதலில் பாருங்கள்.

கே: நீங்கள் திரும்பத் திரும்பப் படிக்கும் பக்கம் எது, அம்மா? (வாசகி, நாமக்கல்)

ப: ஏரிப் பயணம். ஸ்ட்ரெஸா என்ற இத்தாலிய ஏரிக்கரை ஊரில், விடிந்தால் ஹென்றியைக் கைது செய்ய வருகிறார்கள். சேதி சொன்ன மதுக்கடைக்காரரே தன் படகைக் கொடுக்கிறார். இரவோடு இரவாக 35 கிலோமீட்டர் துடுப்புப் போட்டு ஸ்விஸ் கரைக்குப் போக வேண்டும். ஹென்றியின் உள்ளங்கை பொத்துப் போகிறது. நடுவில் காற்று நம் பக்கம்தானே அடிக்கிறது என்று, ஹோட்டல் ஆள் கொடுத்த பெரிய குடையை விரித்துப் பாய் மாதிரி பிடிக்கிறான். கொஞ்ச தூரம் படகு சும்மாவே பறக்கிறது. திடீரென்று குடை பின்பக்கமாக மடங்கி உடைகிறது. படகின் கோடியிலிருந்து காதரின் சிரிக்க ஆரம்பிக்கிறாள்; நிறுத்த முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதே, குடையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நீ இருபதடி அகலமாக, ரொம்பப் பாசமாகத் தெரிந்தாய் என்கிறாள். அப்புறம் அவனைக் கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு, வயிற்றுப் பிள்ளையோடு அவளே துடுப்பை வாங்கிக்கொள்கிறாள்.